கிரேட் கிளென் ஏரிக்கரைச் சைக்கிள் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தில் ஏரிக்கரையோரமாகவே சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகலாம் என்று எங்கோ ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, லண்டனிலிருந்தும் கிளாஸ்கோவிலிருந்தும் நண்பர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டி முடியவில்லை. அதனால் சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

இது எங்க இருக்கு? எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் பகுதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் நீளமான பள்ளத்தாக்குதான் கிரேட் கிளென். நிலப்பிளவின் வழியே உருவானது என்பதால் வரைபடத்தில் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருக்கும். தென்மேற்கு முனையில் ஃபோர்ட் வில்லியம், வடகிழக்கு முனையில் இன்வர்னெஸ். நடுவில் லோகி, ஓயிக், நெஸ் என்று மூன்று ஏரிகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைக் கலிடோனியன் கால்வாய் இணைக்கிறது.

கிரேட் கிளென் வே என்ற நடைபாதை 2002-இல் திறக்கப்பட்டது, சுமார் 127 கிலோமீட்டர். பெரும்பாலான இடங்களில் சைக்கிளும் போகும். இதே பள்ளத்தாக்கில் தேசிய சைக்கிள் வழி எண் 78-உம் வருகிறது. முதல் பாதியில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே போகும், பிறகு நெஸ் ஏரிக்கு ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்துவிடும். இந்தப் பிரிவு நடப்பது ஃபோர்ட் அகஸ்டஸ் என்ற சிற்றூரில். ஊர்ப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பலமுறை வரும்.

ஏரிக்கரைன்னா சமதளம்தானே? மேடே இருக்காதுல்ல?

முதல் பாதிக்கு ஏறக்குறைய சரி. கால்வாயின் மிக உயர்ந்த நீர்மட்டமே ஓயிக் ஏரியில்தான், கடல் மட்டத்திலிருந்து வெறும் 32 மீட்டர். கால்வாய்க்கரைப் பாதை தண்ணீரோடு தண்ணீராகப் போவதால் ஏறுவதே தெரியாது. லோகி ஏரியோரக் காட்டுப் பாதையில் மட்டும் ஏற்ற இறக்கம் வந்துகொண்டே இருக்கும்.

ஃபோர்ட் அகஸ்டஸைத் தாண்டினால் கதையே வேறு. எந்தப் பக்கம் போனாலும் 400 மீட்டருக்குச் சற்றுக் கீழ்வரை ஏறித்தான் இன்வர்னெஸ் போக முடியும். நெஸ் ஏரியின் கரைகள் அவ்வளவு செங்குத்து. தண்ணீரை ஒட்டி இருக்கும் தட்டையான இடத்தை ஒரு பக்கம் ஏ82 நெடுஞ்சாலை பிடித்துக்கொண்டது, மறுபக்கம் பாதி தூரத்துக்குச் சாலையே இல்லை. அதனால் "ஏரிக்கரைப் பாதை" என்ற பெயரை நம்பி இரண்டு நாளையும் சம அளவாகப் பிரிக்காதீர்கள். இந்தப் பயணம் சொதப்புவது பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான்.

எந்த சைக்கிள் வேணும்? என் ரோடு பைக்கிலயே போயிடலாமா?

கால்வாய்க்கரை மட்டும் என்றால் 28 மில்லிமீட்டர் டயரிலும் ஓட்டிவிடலாம், கெட்டியான பொடிச்சரளை அது. லோகி ஏரியோரம் அப்படியல்ல. மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட பாதை, கூர்மையான உடைகல் துருத்திக்கொண்டு நிற்கும். 40 மில்லிமீட்டர் டயர் போட்ட கிராவல் பைக் அல்லது நல்ல ஹைப்ரிட் சைக்கிள் இந்த வழிக்குக் கச்சிதம். முழுக்க கிரேட் கிளென் வே பாதையிலேயே போவதாக இருந்தால் மவுண்டன் பைக் இன்னும் நல்லது.

டயரைவிட முக்கியம் கியர். பை கட்டிய சைக்கிளை ஏற்றத்தில் மிதிக்கிற அளவுக்குச் சின்ன கியர் இல்லையென்றால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பிரேக் பேட் தேய்ந்திருந்தால் கிளம்புவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். ஈரச் சரளையில் நீளமான இறக்கம் வரும்போது அது மணற்காகிதத்தில் தேய்ப்பதுபோல் கரைந்துவிடும்.

இன்வர்னெஸ்ல இருந்து ஆரம்பிச்சா என்ன?

ஒன்றும் குற்றமில்லை, ஆனால் காற்று முகத்தில் அடிக்கும். அங்கே பெரும்பாலும் வீசுவது தென்மேற்குக் காற்று. பள்ளத்தாக்கும் தென்மேற்கு வடகிழக்காக நீண்டு கிடப்பதால் காற்று சிதறாமல் அப்படியே உள்ளே வரும். ஃபோர்ட் வில்லியத்தில் தொடங்கினால் அது முதுகில் கைவைத்துத் தள்ளும். வசந்தத்தில் சில நாள் வடகிழக்கிலிருந்து வீசுவதும் உண்டு, அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மேற்கிலிருந்து வந்தால் எளிதான பகுதி முதலில் வருகிறது. சைக்கிளில் கட்டிய பை எங்கே ஆடுகிறது, இருக்கை உயரம் சரியா என்பதையெல்லாம் சமதளத்திலேயே பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

எத்தனை நாள் ஆகும்? வீக்எண்ட்ல முடிச்சிடலாமா?

தொடர்ந்து சைக்கிள் ஓட்டுபவருக்கு இரண்டு நாள் போதும். முதல் நாள் ஃபோர்ட் அகஸ்டஸ் வரை, 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டாம் நாளும், வழி 78-இல் போனால், ஏறக்குறைய அதே தூரம், ஆனால் மேலே சொன்ன ஏற்றம் இருக்கிறது. ஒரே நாளில் முடிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தக் குறிப்பு தேவைப்படாது.

என்னைக் கேட்டால் மூன்று நாள் என்பேன். நெஸ் ஏரியின் வடமேற்குப் பக்கம், அதாவது கிரேட் கிளென் வே வழியாகவே போவதென்றால் மூன்று நாள் கட்டாயம்.

எந்த மாசம் போகணும்? ஜூலை லீவுல வரலாம்னு இருக்கேன்.

மே மாதம் முதல் தேர்வு, செப்டம்பர் இரண்டாவது. ஜூன் நடுவில் பகல் 18 மணி நேரம் நீளும், அவசரமே இல்லாமல் ஓட்டலாம். டிசம்பரில் ஏழு மணி நேரம்கூடக் கிடைக்காது.

ஜூலையில் மிட்ஜ் இருக்கும். கொசுவில் நாலில் ஒரு பங்குகூடத் தேறாத பூச்சி, ஆனால் கூட்டம் கூட்டமாக வரும். காற்றில்லாத, ஈரமான காலையிலும் மாலையிலும் நின்ற இடத்தில் சூழ்ந்துகொண்டு காதோரம், மயிர்க்கால், கைக்கடிகார வாருக்கு அடியில் என்று தேடித்தேடிக் கடிக்கும். ஓட்டிக்கொண்டிருக்கும்வரை தொல்லை இல்லை, பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தால்தான் தெரியும். லேசான காற்று வீசினாலே அதனால் பறக்க முடியாது. தலைக்குப் போடும் வலை ஒன்று வாங்கிப் பையின் மேற்புறத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது உண்ணி. புல்லில் உட்கார்ந்து எழுந்தால் இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டை எல்லாவற்றையும் பாருங்கள். லைம் நோயைப் பரப்பக்கூடியது அது.

மழை எப்படி? ரெயின்கோட் போதுமா?

ஃபோர்ட் வில்லியம் பிரிட்டனில் அதிகம் மழை வாங்கும் ஊர்களில் ஒன்று. இன்வர்னெஸ் பக்கம் அதில் பாதிகூடப் பெய்யாது, மேற்கு மலைகளே மழையை இறக்கிக்கொள்கின்றன. ஆகவே தொடங்கும்போது கொட்டினால் மனம் தளர வேண்டாம், போகப்போகக் குறைய வாய்ப்பு அதிகம். ரெயின்கோட்டைவிட மட்கார்டு உதவும். பாதி ஈரம் கீழேயிருந்துதான் வருகிறது.

சைக்கிளை எப்படிக் கொண்டு போறது?

கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ஃபோர்ட் வில்லியத்துக்கு நேரடி ரயில் உண்டு, நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ரான்னாக் மூர் சதுப்புவெளி வழியாகப் போகும், ஜன்னலோரம் பிடியுங்கள். சைக்கிளுக்கு இடம் கொஞ்சம்தான், முன்பதிவு செய்தே ஆக வேண்டும். கோடை வார இறுதிகளில் ஆள் டிக்கெட் கிடைத்துவிடும், சைக்கிளுக்கு இடம் கிடைக்காது. எனவே முதலில் சைக்கிளுக்கு இடம் பாருங்கள், பிறகு உங்களுக்கு.

லண்டன் யூஸ்டனிலிருந்து இரவு ரயிலும் போகிறது, சனிக்கிழமை இரவு மட்டும் கிடையாது. திரும்பி வரும்போது இன்வர்னெஸிலிருந்து கிளாஸ்கோ, எடின்பரோ இரண்டுக்கும் ரயில் இருக்கிறது. அதற்கும் இதே முன்பதிவுக் கதைதான்.

கால்வாய் ஓரம் போர் அடிக்காதா? பார்க்க என்ன இருக்கு?

தாமஸ் டெல்ஃபோர்ட் என்ற பொறியாளரின் மேற்பார்வையில் 1803-இல் வெட்டத் தொடங்கி 1822-இல் திறந்த கால்வாய் இது. நெப்போலியன் போர்க்காலத்தில், வடக்கே புயல்கடலைச் சுற்றாமல் கப்பல்கள் குறுக்கே போகட்டும் என்று திட்டமிட்டார்கள். வெட்டி முடிப்பதற்குள் போரும் முடிந்தது, கப்பல்களும் பெரிதாகிவிட்டன. இன்று போவதெல்லாம் உல்லாசப் படகுகள். 97 கிலோமீட்டர் நீள வழியில் மூன்றில் ஒரு பங்குதான் வெட்டியது, மீதி ஏரிகள்.

ஃபோர்ட் வில்லியத்தை விட்டதுமே பானவி என்ற இடத்தில், தண்ணீரை நிரப்பிப் படகை மேலே தூக்கும் எட்டு மதகுகள் அடுத்தடுத்துப் படிக்கட்டுபோல் இருக்கும், நெப்டியூன் படிக்கட்டு என்பார்கள். படகு ஒன்று ஏறி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அங்கே நின்று திரும்பிப் பாருங்கள். மேகம் இல்லாவிட்டால் பிரிட்டனின் உயரமான மலையான பென் நெவிஸ், 1,345 மீட்டர், நேர் பின்னால் நிற்கும். இன்னும் சற்றுத் தூரத்தில் மாய் என்ற இடத்தில் பழைய வார்ப்பிரும்புப் பாலம் ஒன்று இருக்கிறது, டெல்ஃபோர்ட் காலத்தது, இரண்டு பாதியாகத் திறக்கும். பாலக்காரர் ஒரு பாதியைக் கையால் சுழற்றித் திறந்துவிட்டு, தோணியில் அக்கரைக்குத் துடுப்புப் போட்டுப் போய் மறுபாதியைத் திறந்த பாலம் அது. கால்வாயில் எனக்குப் பிடித்த இடம் இதுதான், படிக்கட்டில் நிற்கும் கூட்டம் இங்கே வருவதில்லை.

லோகி ஏரிப் பக்கம் தனியா போனா பயமில்லையா?

மனிதரால் பயமில்லை. ஆனால் க்ளூன்ஸ் என்ற இடத்தில் தார்ச்சாலை முடிந்து காட்டுப் பாதை தொடங்கினால் லகன் வரை கடை கிடையாது, கைப்பேசி சிக்னல் விட்டுவிட்டு வரும். ட்யூப் இரண்டு, பம்ப், சங்கிலி இணைப்பு ஒன்று, கொஞ்சம் சாப்பாடு இவையெல்லாம் கையில் இருக்கட்டும். வரைபடத்தைக் கைப்பேசியில் முன்பே இறக்கி வைத்துவிடுங்கள்.

மரம் வெட்டும் வேலை நடக்கும்போது பாதையை மாற்றிவிட்டுப் பலகை வைப்பார்கள். "யாருமே இல்லையே" என்று பலகையைத் தாண்டிப் போகாதீர்கள். மேல்சரிவில் வெட்டிய மரம் உருண்டு வரலாம், ஓட்டுநருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். அடுக்கி வைத்த மரக்கட்டை மேல் ஏறிப் படம் எடுப்பதும் வேண்டாம்.

ஓயிக் ஏரி ஓரம் பழைய ரயில் பாதைன்னு சொல்றாங்களே?

ஆமாம், இன்வர்கேரி ஃபோர்ட் அகஸ்டஸ் ரயில் பாதை. 1903-இல் திறந்து, ஆளே இல்லாமல் ஓடி, 1933-இல் பயணிகள் சேவையை நிறுத்திவிட்டார்கள். போட்டவர்களுக்கு நஷ்டம், நமக்கு லாபம். ஏரியின் தென்கிழக்குக் கரையில் மரநிழலில் மேடு பள்ளமில்லாமல் போகும். முடிவில் அபர்கால்டர் அருகே 1854-இல் கட்டிய பழைய தொங்குபாலம் ஒன்று இருக்கிறது, சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்து பார்க்கலாம். அங்கிருந்து ஃபோர்ட் அகஸ்டஸ் வரை மறுபடி கால்வாய்க்கரை.

ஃபோர்ட் அகஸ்டஸ்ல இடது பக்கமா, வலது பக்கமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

உண்மையில் முடிவெடுக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். இடது பக்கம் என்றால் கிரேட் கிளென் வே: இன்வர்மோரிஸ்டன், டிரம்னட்ராகிட் வழியாக இன்வர்னெஸ். ஊருக்கு ஊர் ஏறி இறங்க வேண்டும். ஃபோர்ட் அகஸ்டஸிலிருந்து இன்வர்மோரிஸ்டன் வரை கீழ்வழி, மேல்வழி என்று இரண்டு. மேல்வழி 2014-இல் திறந்தது, மரங்களுக்கு மேலே வெட்டவெளியில் ஏரி முழுக்கத் தெரியும். கீழ்வழி காட்டுக்குள் போகும், சைக்கிளுக்குச் சுலபம், காட்சி குறைவு. டிரம்னட்ராகிட்டுக்குப் பிறகு கடைசி ஏற்றம் நீளமானது. பை கட்டிய சைக்கிளை சில இடங்களில் தள்ளியே ஆக வேண்டும்.

வலது பக்கம் தேசிய வழி 78, முழுக்கத் தார்ச்சாலை. ஊரை விட்டதும் பி862 சாலை ஏறத் தொடங்கும், டார்ஃப் ஏரி அருகே மூச்சு வாங்க விடும், மறுபடி ஏறி ஷூயி காட்சிமுனையில் முடியும். சுமார் பத்து கிலோமீட்டரில் 370 மீட்டர் ஏற்றம். ஆனால் அந்த ஒரே மேட்டோடு பெரிய வேலை முடிந்தது. மேலே போனால் இருபுறமும் புதர்வெளியும் சின்னச் சின்ன ஏரிகளும்தான், வண்டி எப்போதாவது ஒன்று. பிறகு வைட்பிரிட்ஜ் வரை இறக்கம், ஃபாயர்ஸ் அருவி, அங்கிருந்து டோரஸ் வரை உண்மையிலேயே ஏரியை ஒட்டிய சாலை. பாதையின் பெயருக்கு நியாயம் செய்வது இந்தத் துண்டுதான். அலை கரையில் மோதும் சத்தம் இலைகளுக்கு இடையில் கேட்டுக்கொண்டே வரும்.

கிராவல் பைக், ஹைப்ரிட், பை கட்டிய சைக்கிள் எதுவானாலும் வலது பக்கம் போங்கள். மவுண்டன் பைக்கும் ஒரு நாள் கூடுதலாகவும் இருந்தால் இடது. இடது பக்கம்தான் "ஒரிஜினல்" என்பவர்கள் பெரும்பாலும் நடந்து போனவர்கள்.

அப்போ நேரா ஏ82-லயே போயிட்டா? சமதளம், தூரமும் கம்மி.

வேண்டாம். லாரி, சுற்றுலாப் பேருந்து, வாடகை வேன் எல்லாம் அதில்தான். பல இடங்களில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தடுப்புச்சுவர், ஒதுங்க இடமே இல்லை. சட்டப்படி தடையில்லை, அவ்வளவுதான். எர்க்கட் கோட்டையைப் பார்க்க ஆசையென்றால் சைக்கிளை டிரம்னட்ராகிட்டில் விட்டுவிட்டுச் சாலையோர நடைபாதையில் நடந்து போய் வாருங்கள்.

பசங்களைக் கூட்டிட்டு வரலாமா?

கால்வாய்க்கரையும் ஓயிக் ரயில் பாதையும் குழந்தைகளுக்கென்றே போட்டதுபோல் இருக்கும். பானவியிலிருந்து கேர்லோகி வரை போய்த் திரும்புங்கள். மதகு ஓரங்களில் மட்டும் இறங்கித் தள்ளச் சொல்லுங்கள், விளிம்பில் தடுப்பு கிடையாது. நெஸ் ஏரிப் பகுதிக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நான் சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

ஃபோர்ட் வில்லியத்தில் சூப்பர்மார்க்கெட் இருக்கிறது, ஃபோர்ட் அகஸ்டஸில் கடைகள் உண்டு. ஊர்ப்பக்க மதுவிடுதிகளில்கூட இப்போது ஒன்றிரண்டு சைவ உணவு எழுதி வைத்திருப்பார்கள். சைவ ஹேகிஸ் என்று ஓட்ஸ், பயறு, மிளகு போட்டுச் செய்கிறார்கள், துணிந்து சாப்பிடலாம், நம் நாக்குக்கு ஒத்துப்போகும். சிக்கல் வகையில் இல்லை, நேரத்தில்தான். சமையலறை சீக்கிரம் மூடிவிடும். இரவு எட்டு மணிக்கு மேல் போய் நின்றால் சிப்ஸ் பாக்கெட்தான். புளியோதரையோ சப்பாத்தி ரோலோ கட்டிக்கொண்டு வருபவர்கள் புத்திசாலிகள். ஏரித் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் குடிக்காதீர்கள்.

கூடாரம் போட்டுத் தங்கினா போலீஸ் பிடிக்குமா?

பிடிக்காது. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பெரும்பாலான நிலங்களில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும், வேலி போடாத வெளியில் சிறு கூடாரம் போடவும் உரிமை தருகிறது. இங்கிலாந்தில் பழகியவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். வீட்டுத் தோட்டம், பயிர் நிலம் கூடாது, குப்பையைத் திரும்ப எடுத்துவர வேண்டும், காய்ந்த நாளில் நெருப்பு வேண்டாம். லோமண்ட் ஏரிப் பக்கம் மார்ச் முதல் செப்டம்பர் வரை பல கரைகளில் அனுமதிச்சீட்டு கேட்பார்கள். அந்த விதி இங்கே கிடையாது. மிட்ஜ் பற்றி மேலே சொன்னதை மனதில் வைத்து, காற்று படும் மேட்டில் கூடாரம் போடுங்கள்.

இ-பைக் எடுத்துட்டு வரலாமா?

மிதித்தால் மட்டும் உதவும், 250 வாட்டுக்கு மிகாத, மணிக்கு 25 கிலோமீட்டரில் மோட்டார் நின்றுவிடும் வகையென்றால் சட்டத்தில் அதுவும் சைக்கிள்தான். ஷூயி மேட்டுக்கு அருமையான துணை. ஃபோர்ட் அகஸ்டஸில் இரவு முழுச் சார்ஜ் போடக்கூடிய தங்குமிடமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கினாலே தானாக ஓடும் வகை இந்தப் பாதைகளில் கூடாது.

நெஸ்ஸியைப் பார்க்கலாமா?

ஏ82 சாலையைப் போட்ட காலத்தில், 1933-இல்தான் நெஸ் ஏரியில் நெஸ்ஸி என்ற பெரிய விலங்கு வாழ்கிறது என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. 1934-இல் வெளியான புகழ்பெற்ற அந்தக் கழுத்துப் படம் மோசடி என்று 1994-இல் தெரிந்துவிட்டது. ஏரி 37 கிலோமீட்டர் நீளம், 230 மீட்டர் ஆழம், கரிச்சேறு கலந்து கறுத்த தண்ணீர். எதையும் நம்பலாம் போலத்தான் இருக்கும். குதித்து நீந்தும் ஆசை மட்டும் வேண்டாம், கோடையிலும் உடம்பு விறைக்கும் குளிர்.

ஃபோர்ட் வில்லியம் வரை போக நேரமில்லை. நெஸ் ஏரியை மட்டும் ஒரு சுற்றுச் சுத்தி வரலாமா?

வரலாம். இரண்டு பக்கப் பாதைகளையும் இணைத்து சுமார் 130 கிலோமீட்டர் வட்டம் ஒன்று இருக்கிறது, லோக் நெஸ் 360 என்று பெயர். ஆனால் இடது, வலது இரண்டு பக்க ஏற்றங்களும் உங்கள் கணக்கில் வந்துவிடும், சுருக்கமான வழி என்று நினைக்க வேண்டாம். சைக்கிளையும் நாட்களையும் மேலே இடது பக்கத்துக்குச் சொன்னபடி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்வர்னெஸில் தொடங்கினால் டிரம்னட்ராகிட் பக்கமாக முதலில் போங்கள். அந்தப் பக்கம் எதிர்காற்று, ஆனால் பெரும்பகுதி காட்டுக்குள் இருப்பதால் உறைக்காது. ஃபோர்ட் அகஸ்டஸில் இரவு தங்கிவிட்டு, ஷூயி மேட்டில் காலையிலேயே ஏறிவிட்டால் அங்கிருந்து பின்காற்றோடு வந்துவிடலாம். டோரஸுக்குப் பிறகு மாலையில் வேலை முடிந்து போகும் கார்கள் அதிகம், நாலு மணிக்கு முன்பே அதைத் தாண்டப் பாருங்கள்.